தோலுக்குப் போடும் ஆன்டிபயாடிக் ஆயின்ட்மென்ட் கண்ணில் போடலாமா? டியூபைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க ஒரு முழு வழிகாட்டி

ராத்திரி பதினோரு மணி. இமை ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டி, மணல் விழுந்த மாதிரி உறுத்தல். மருந்து டப்பாவைத் துழாவினால் போன மாதம் முழங்கால் சிராய்ப்புக்கு வாங்கிய ஆயின்ட்மென்ட் அகப்படுகிறது. அதன் மேல் இருக்கும் பெயர் எப்போதோ கண் மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தின் பெயர் மாதிரியே இருக்கிறது.

என் அம்மா அந்த டியூபின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோதுதான் நான் அறைக்குள் போனேன்.

"அம்மா, அது தோலுக்குப் போடறது."

"பேரு அதேதானேடா? மருந்து மருந்துதான்."

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்கான பதில். சுருக்கமாகச் சொன்னால்: போட வேண்டாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் போட வேண்டாம். கண் மருந்தைக் கண் மருந்தாக்குவது அந்த ஆன்டிபயாடிக் அல்ல, டியூபில் அதோடு சேர்ந்திருக்கும் மற்றவை. விவரத்துக்குப் போவதற்கு முன்னால், கண்ணைக் கசக்கிக்கொண்டே இதைப் படிப்பவர்களுக்கான பகுதி.

ஏற்கெனவே கண்ணில் பட்டுவிட்டதா?

பதற்றம் வேண்டாம். துளியூண்டு ஆயின்ட்மென்ட் தவறிப் பட்டால் பெரும்பாலும் எரிச்சல், சிவப்பு, கொஞ்ச நேரம் மங்கலான பார்வை, அவ்வளவோடு போய்விடும். ஆனாலும் கழுவித்தான் ஆக வேண்டும்.

1. முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விரலில் ஒட்டியிருப்பது மறுபடியும் கண்ணுக்குத்தான் போகும்.

2. காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றுங்கள். சட்டென்று வரவில்லை என்றால் அதோடு போராட வேண்டாம், கழுவ ஆரம்பித்துவிடுங்கள். கழுவும்போது அதுவே நழுவி வரலாம். எண்ணெய்ப் பசை ஏறிய லென்ஸைத் திரும்பப் போடாதீர்கள்.

3. இமை மேலும் இமை மயிரிலும் அப்பியிருப்பதைச் சுத்தமான ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். இதை விட்டுவிட்டுத் தண்ணீரை ஊற்றினால் வெளியே இருப்பதும் உள்ளே வழிந்துவிடும். தேய்க்கக் கூடாது.

4. தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, மருந்து பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான, வெதுவெதுப்பான தண்ணீரை அல்லது சலைனை மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்ல ஓட விடுங்கள். நடுநடுவே இமைக்க வேண்டும். பதினைந்து நிமிடம். அது எவ்வளவு நீண்ட நேரம் என்பது கடிகாரத்தைப் பார்த்துச் செய்தால்தான் தெரியும். பெரும்பாலானவர்கள் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

வாசலின் போன்ற எண்ணெய்ப் பசை ஆயின்ட்மென்ட் தண்ணீரில் கரையாது. எவ்வளவு கழுவினாலும் ஒரு மெல்லிய படலம் மிஞ்சி, புகை மூட்டம் போலத் தெரியும். அதைக் கண்ணீரும் இமைப்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிடும். க்ரீம் அப்படியில்லை, தண்ணீரோடு சேர்ந்து சுலபமாகப் போய்விடும். ஆனால் எரிச்சல் அதில்தான் அதிகம். காரணம் பின்னால் வருகிறது.

5. வேறு சொட்டு மருந்து எதையும் "மாற்று மருந்தாக" ஊற்ற வேண்டாம்.

கழுவிய பிறகும் வலி குறையவில்லை, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, சில மணி நேரம் கழித்தும் மங்கல் போகவில்லை, சிவப்பு ஏறிக்கொண்டே போகிறது என்றால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். சமீபத்தில் கண் ஆபரேஷன் செய்தவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள், ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்கள், என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தைகள், இவர்கள் விஷயத்தில் காத்திருக்கவே வேண்டாம். போகும்போது அந்த டியூபையும் எடுத்துப் போங்கள். "ஏதோ மஞ்சள் டியூப், டாக்டர்" என்பதை வைத்து அவரால் எதுவும் செய்ய முடியாது.

படி 1: டியூபில் சதவீதத்தைப் படியுங்கள், பிறகு மீதியைக் கணக்குப் போடுங்கள்

ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எடுத்துக்கொள்வோம். தோலுக்கான க்ரீமில் அது 0.1 சதவீதம். கண்ணுக்கான ஆயின்ட்மென்டில் 0.3 சதவீதம். கண்ணுக்குப் போவதில்தான் மூன்று மடங்கு மருந்து! எரித்ரோமைசினில் கதை தலைகீழ்: தோலுக்கு 2 சதவீதம், கண்ணுக்கு 0.5. பேசிட்ராசினில் இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரு கிராமுக்கு 500 யூனிட்.

ஆக, "தோல் மருந்து வீரியமானது, கண் மருந்து மென்மையானது, அதனால் கொஞ்சமாகப் போட்டால் சரியாகிவிடும்" என்ற கணக்கு இங்கேயே உடைந்துபோகிறது. வித்தியாசம் வீரியத்தில் இல்லை.

0.1 சதவீதம் மருந்து என்றால் மீதி 99.9 சதவீதம் என்ன? அந்த மீதிக்குத் தோல் தாங்கும். கண் தாங்காது.

முதல் விஷயம், கிருமி நீக்கம். கண்ணுக்கான மருந்து கிருமி இல்லாத சூழலில் தயாராகி, அதற்கான பரிசோதனையில் தேறித்தான் வெளியே வர வேண்டும். தோலுக்கான ஆயின்ட்மென்டுக்குப் பொதுவாக அந்தக் கட்டாயம் கிடையாது. கிருமிகள் ஒரு வரம்புக்குள் இருந்தால் போதும். ஆன்டிபயாடிக்கே உள்ளே இருக்கும்போது கிருமி எப்படி இருக்கும் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. எந்த ஆன்டிபயாடிக்கும் எல்லாக் கிருமியையும் கொல்வதில்லை, பூஞ்சையை ஒன்றும் செய்வதில்லை.

தோலுக்கு மேலே செத்த செல்களால் ஆன ஒரு கவசம் இருக்கிறது. கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் கருவிழிக்கு (கார்னியா) அது கிடையாது. நடுவில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டர்தான், சற்றே கூடலாம். ஊடுருவித் தெரிய வேண்டும் என்பதற்காகவே அதில் ரத்தக் குழாய் ஓடுவதில்லை. அதனால் கிருமி புகுந்தால் உடம்பின் பட்டாளம் அங்கே வந்து சேர நேரமாகும். முழங்காலில் புண் ஆறித் தழும்பு வந்தால் யாரும் கவலைப்படப் போவதில்லை. கருவிழியில் தழும்பு வந்தால் அந்த இடத்தில் ஒளி சரியாக நுழையாது.

இது மிகைப்படுத்தல் என்று தோன்றினால் 2023ல் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். கண் வறட்சிக்காகவே விற்கப்பட்ட ஒரு செயற்கைக் கண்ணீர் மருந்தோடு தொடர்புபடுத்தி, மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் கிருமி பரவியது. அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்த மே மாதம் வெளியிட்ட கணக்கில் 18 மாநிலங்களில் 81 நோயாளிகள். 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று, 4 பேர் இறந்தார்கள். கண்ணுக்கென்றே தயாரான மருந்தில் கிருமி புகுந்தால் இந்தக் கதி. கிருமி நீக்கமே கட்டாயமில்லாத டியூபை என்ன நம்பிக்கையில் பிதுக்குவது?

அடுத்தது, துகள். கண் ஆயின்ட்மென்டில் மருந்தை மிக மிக நுண்ணிய பொடியாக்கிக் கலக்கிறார்கள். தோல் மருந்தில் கொஞ்சம் கரடுமுரடு இருந்தாலும் விரலுக்கு உறைக்காது. உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் கருவிழியும் ஒன்று. ஒவ்வொரு இமைப்பிலும் அந்தத் துகள் அதன் மேல் உரசும்.

மூன்றாவது, அந்த மருந்தைச் சுமக்கும் அடிப்பொருள். இங்கேதான் டியூபுக்கு டியூப் வேறுபடுகிறது:

வாசலின் அடிப்பொருள் கண் மருந்திலும் உண்டு, தோல் மருந்திலும் உண்டு. ஆனால் சில தோல் ஆயின்ட்மென்ட்களில் அதோடு கோகோ வெண்ணெய், பருத்தி விதை எண்ணெய், ஆலிவ் எண்ணெய் எல்லாம் சேர்ந்திருக்கும். சருமத்துக்கு இதம், கண்ணுக்குத் தேவையில்லாத விருந்தாளி.

மூபிரோசின் ஆயின்ட்மென்டில் பொதுவாகப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற அடிப்பொருள் இருக்கும். 2 சதவீதம்தான் மருந்து, மிச்சமெல்லாம் இதுதான். இது கண்ணில் நன்றாகவே எரியும். கண்ணுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதன் விவரத் தாளிலேயே எழுதியிருப்பார்கள்.

க்ரீம் என்றால் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைக்க ஒரு குழம்பாக்கி வேண்டும், கெடாமல் இருக்கப் பாரபென் போன்ற பதனப் பொருள் வேண்டும், பலவற்றில் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பானும் இருக்கும். குழம்பாக்கி என்பது சோப்புக்குச் சொந்தக்காரன். ஷாம்பு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

"வலி நிவாரணி சேர்த்தது" என்று போட்டிருக்கும் டியூப்களில் பிரமோக்சின் மாதிரி ஒரு மரத்துப்போகச் செய்யும் மருந்து இருக்கும். கண் மரத்துப்போனால் தூசி விழுந்தாலும் தெரியாது, கீறினாலும் தெரியாது.

அப்புறம் நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக். தோலில் போட்டாலே ஒவ்வாமை கிளப்புவதில் பெயர் எடுத்தது. அமெரிக்கத் தொடுதல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2010ல் இதற்கு "ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்" என்று பட்டமே கொடுத்தது. நியோமைசின் கலந்த கண் மருந்துகளும் இருக்கத்தான் செய்கின்றன. எனவே முன்பு இந்த மருந்தால் அரிப்போ சிவப்போ வந்திருந்தால், கண் மருந்து எழுதும் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

படி 2: பெயர் ஒன்று, டியூப் இரண்டு

அம்மா குழம்பியதில் தப்பே இல்லை. ஒரே பிராண்டுப் பெயரில் தோலுக்கும் கண்ணுக்கும் தனித்தனியாக ஆயின்ட்மென்ட் விற்பது சர்வசாதாரணம். நியோஸ்போரின் அதற்கு நல்ல உதாரணம். எழுத்தும் நிறமும் அச்சு அசலாக இருக்கும். எப்படிப் பிரித்தறிவது?

"வெளி உபயோகத்துக்கு மட்டும்" அல்லது "தோலில் பூச மட்டும்" என்றிருந்தால் பேச்சே இல்லை, கண்ணுக்கு ஆகாது. கண்ணுக்கானதில் "ஐ ஆயின்ட்மென்ட்" அல்லது "ஆஃப்தால்மிக்" என்ற சொல் இருக்கும். "ஸ்டெரைல்" என்ற சொல்லும் பெரும்பாலும் இருக்கும். கண் டியூப் சுண்டுவிரல் மாதிரி சின்னது, பெரும்பாலும் 5 கிராமுக்குள். நுனி நீண்டு கூர்ந்திருக்கும். தோல் டியூப் 10, 15, 20 கிராம் என்று பருமனாக, வாய் அகன்று இருக்கும். அளவை மட்டும் நம்பாதீர்கள். மாதிரிக்குக் கொடுக்கும் குட்டி டியூப்களில் தோல் மருந்தும் உண்டு. எழுத்தைப் படித்தால்தான் சரி.

காதுச் சொட்டு மருந்துக்கும் இதே விதிதான். ஆன்டிபயாடிக் ஒன்றாக இருந்தாலும் காதுக்குப் போவது கண்ணுக்கு வேண்டாம்.

பெயர்க் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சம்பவம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கண் வறட்சியால் அவதிப்பட்ட ஒரு பெண்ணுக்கு வைட்டா-பாஸ் என்ற கண் களிம்பை மருத்துவர் கையால் எழுதிக் கொடுத்தார். மருந்தகத்தில் அதை விட்டாரோஸ் என்று படித்துவிட்டார்கள். அது ஆண்களின் விறைப்புக் குறைபாட்டுக்கான க்ரீம். அவர் அதைக் கண்ணில் போட்டுக்கொண்டார். வலி, சிவப்பு, இமை வீக்கம், மங்கலான பார்வை என்று அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டியதாயிற்று. சிகிச்சையில் சில நாட்களில் குணமானது. 2018 டிசம்பரில் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதை எழுதிய மருத்துவர்கள் மற்ற மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது: தயவுசெய்து பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

படி 3: ஸ்டீராய்டு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்

இதுவரை சொன்னது எரிச்சல், தொற்று. இது அதைவிட மோசம். ஏனென்றால் இது எரியாமலும் இருக்கலாம். சொல்லப்போனால் சுகமாகக்கூட இருக்கும்.

படை, சொறி, அரிப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றாக ஆன்டிபயாடிக், பூஞ்சைக்கொல்லி, ஸ்டீராய்டு மூன்றையும் கலந்த க்ரீம்கள் பல வீடுகளில் கிடக்கின்றன. மூலப்பொருள் வரிசையில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஹைட்ரோகார்ட்டிசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு.

அதைச் சிவந்த கண்ணில் போட்டால் சிவப்பு மடமடவென்று குறையும். உள்ளே இருப்பது ஹெர்பிஸ் வைரஸோ பூஞ்சையோ என்றால், ஸ்டீராய்டு உடம்பின் பட்டாளத்தை அடக்கிவைத்திருக்கும் அந்த நேரத்தில் அது கருவிழியைத் தின்னும். தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் ஏறி க்ளகோமா வரலாம், கண்புரையும் வரலாம். க்ளகோமா வலிக்காமல் பார்வையை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வரும், தெரிய வரும்போது போனது திரும்பாது. ஸ்டீராய்டு கலந்த கண் மருந்துகளும் உண்டுதான். ஆனால் அவற்றை மருத்துவர் கண் அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்.

படி 4: கண்ணுக்குள் இல்லை, இமை மேல்தான் என்றால்?

எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி இது. உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத் தோல்தான். அதில் தடவிய ஆயின்ட்மென்ட் உடல் சூட்டில் இளகி, சில நிமிடங்களில் கண்ணுக்குள் இறங்கிவிடும். எனவே இமையிலும் இமை விளிம்பிலும் போடுவது எதுவாக இருந்தாலும் அது கண்ணுக்குள் போகத் தகுந்ததாக இருக்க வேண்டும். புருவத்துக்கு மேலேயோ கன்னத்திலோ சிராய்ப்பு என்றால் தோல் ஆயின்ட்மென்டை மெல்லியதாக, பஞ்சுக் குச்சியால், கண்ணை விட்டுத் தள்ளித் தடவலாம். கண்ணருகே தீக்காயம் என்றால் வீட்டு வைத்தியமே வேண்டாம். தீப்புண்ணுக்குப் போடும் சில்வர் சல்ஃபாடயசின் க்ரீமும் கண்ணுக்கு ஆகாது.

கண்கட்டிக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கே தேவைப்படுவதில்லை. சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, கை பொறுக்கும் சூட்டில், பத்து நிமிடம் ஒத்தடம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. துணி ஆறினால் மறுபடி நனைக்க வேண்டும். கிள்ளாதீர்கள், பிதுக்காதீர்கள். அம்மாவுக்கு ஐந்தாம் நாள் தானாக உடைந்து வடிந்தது. ஆனால் வீக்கம் இமை முழுக்கப் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கண்ணை அசைத்தால் வலித்தாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ அது கண்கட்டி விவகாரம் இல்லை. உடனே மருத்துவமனை.

படி 5: உங்கள் கண்ணுக்கு ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பதே முதல் கேள்வி

மெட்ராஸ் ஐ என்று நாம் சொல்லும் கண்வலி பெரும்பாலும் வைரஸால் வருவது. தண்ணீராகக் கொட்டும், ஒரு கண்ணில் ஆரம்பித்து அடுத்ததற்குத் தாவும், வீட்டில் எல்லோரையும் ஒரு சுற்றுச் சுற்றும். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. அரிப்புதான் பிரதானம் என்றால் ஒவ்வாமையாக இருக்கலாம். காலையில் கெட்டியான மஞ்சள் பீளையில் இமை ஒட்டிக்கொண்டால் பாக்டீரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். "வாய்ப்பு" என்றுதான் சொல்ல முடியும், கண்ணாடியில் பார்த்து உறுதி செய்ய முடியாது.

ஒன்றை மட்டும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்: லென்ஸ் போடுகிறவரின் கண் சிவந்து வலிப்பது. பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்குப் பீளை கட்டுவதும் அப்படித்தான்.

படி 6: சரியான கண் ஆயின்ட்மென்ட் கிடைத்த பிறகு

கையைக் கழுவுங்கள். டியூபில் பெயரையும் காலாவதித் தேதியையும் வெளிச்சத்தில் படியுங்கள், இருட்டில் தடவி எடுக்காதீர்கள். சொட்டு மருந்தும் போட வேண்டியிருந்தால் அது முதலில். ஐந்து பத்து நிமிடம் விட்டு ஆயின்ட்மென்ட். மாற்றிப் போட்டால் எண்ணெய்ப் படலத்தின் மேல் சொட்டு வழுக்கிப் போய்விடும்.

தலையைப் பின்னால் சாய்த்து, கீழிமையை விரலால் இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி திறக்கும். மேலே பார்த்துக்கொண்டே அந்தப் பைக்குள் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு, நூல் மாதிரி பிதுக்குங்கள். நுனி கண்ணிலோ இமை மயிரிலோ படக் கூடாது. கண்ணை மூடி ஓரிரு நிமிடம் விழியை உருட்டுங்கள். வெளியே வழிந்ததைத் துடைத்துவிட்டு மூடியைப் போடுங்கள். பார்வை கொஞ்ச நேரம் மங்கும், அது வரை வண்டி ஓட்டாதீர்கள். படுக்கப் போகும்போது போடுவது வசதி.

கொஞ்சம் சரியானதும் நிறுத்தாதீர்கள், மருத்துவர் சொன்ன நாள் வரை போடுங்கள். திறந்த கண் ஆயின்ட்மென்டைப் பொதுவாக 28 நாளில் தூக்கிப் போட்டுவிட வேண்டும், டியூபில் பாதி மிச்சமிருந்தாலும். ஒரு டியூபை இரண்டு பேர் பங்கு போடுவதும் கூடாது.

"தலைகீழாகச் செய்யலாமா, கண் மருந்தைச் சிராய்ப்பில் போடலாமா?" என்று அம்மா கேட்டாள். போட்டால் பொதுவாகக் கெடுதல் இல்லை. ஆனால் புண்ணைத் தொட்ட டியூப் நுனி அதற்கப்புறம் கண்ணுக்கு ஆகாது.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டும் ஒரே டப்பாவில் இல்லை. தோல் மருந்துகள் பேண்டேஜோடு ஒரு டப்பாவில், கண் மருந்து வேறு அறையில். டியூபில் திறந்த தேதியை மார்க்கரால் எழுதச் சொல்லியிருந்தேன். அம்மா தேதிக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு கண்ணும் வரைந்திருக்கிறாள், இமை மயிரோடு.